பிரான்ஸுக்குக் குடிபெயரும் குடும்பங்கள்: பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

காலாப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுவை நகரத்துக்குப் போகிறவர்கள், தமிழ்நாட்டைச் சேர்ந்த கோட்டக்குப்பத்தைக் கடந்துதான் போகிறார்கள். காலாப்பட்டு அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, கோட்டக்குப்பம் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து அங்கேயே வசித்தவர்கள், ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள முடிந்தது. அதனால், சம்பந்திகளான இரு வீட்டாரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமக்களாகவும் மற்றவர் விசா எடுத்துப் போகிறவர்களாகவும் இருப்பது நமக்குப் புதிதல்ல.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு இல்லை. குடியுரிமை எதுவானாலும், பிரான்ஸில் வசிக்கும் 3 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயம். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. பெற்றோரின் குடியிருப்பு அனுமதியைக் காரணம் காட்டிப் பிள்ளைக்கு இடம் மறுக்க முடியாது.

முதலில் முகவரி, பிறகு பள்ளி

நம் ஊரில் நல்ல பள்ளியைத் தேடி, அங்கே விண்ணப்பம் வாங்குகிறோம். பிரான்ஸில் அரசுப் பள்ளியைத் தீர்மானிப்பது நீங்கள் வசிக்கும் தெரு. எனவே வீடு பார்க்கும்போதே அந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்று விசாரித்துவிடுவது நல்லது.

மழலையர் பள்ளிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் முதலில் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். அதை அங்கே 'மேரி' என்பார்கள். 11 வயதுக்கு மேல் 'கொலேஜ்', 15 வயதுக்கு மேல் 'லிசே'. பிரெஞ்சு தெரியாமல் வரும் பெரிய பிள்ளைகளைக் கல்வித்துறையின் 'காஸ்னாவ்' என்ற பிரிவு சோதித்து, எந்த வகுப்பில் சேர்ப்பது என்று வழிகாட்டும். வகுப்பு, பிறந்த ஆண்டைக் கொண்டே பெரும்பாலும் முடிவாகும். கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. நடுவில் போனாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை அங்கீகரிக்கப்பட்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வைத்துக்கொள்ளுங்கள். வசிப்பிடச் சான்றாக மின்கட்டண ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். உறவினர் வீட்டில் தங்கினால், அவர் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய வசிப்பிடச் சான்றும் அடையாள அட்டையின் நகலும் தேவைப்படும்.

2018 ஜனவரி 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே குறைந்தது 11 தடுப்பூசிகள் கட்டாயம். நம் அரசு அட்டவணையில் இல்லாத மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் அதில் உண்டு. விடுபட்டிருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு மூன்று மாத அவகாசம் தருவார்கள்.

மொழி

புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தனி மொழி வகுப்பு உண்டு. தொடக்கப் பள்ளியில் வாரம் 9 மணி நேரமாவது, கொலேஜில் 12 மணி நேரமாவது பிரெஞ்சு கற்பிக்க வேண்டும் என்பது 2012 சுற்றறிக்கை. ஆனால் எல்லாப் பள்ளியிலும் இந்த வகுப்பு இல்லை. ஆகவே பதியும்போதே கேட்டுவிடுங்கள். 13, 14 வயதில் போகும் பிள்ளைக்கே சிரமம் அதிகம். புறப்படும் முன் புதுவை அலியான்ஸ் பிரான்சேஸில் சில மாதமாவது படிக்க வைத்தால் அங்கே போய்த் திணறமாட்டார்கள்.

மார்க்கம் சார்ந்த விஷயங்கள்

2004 மார்ச் 15 சட்டப்படி அரசுப் பள்ளிகளில் மாணவிகள் ஹிஜாப் அணிய முடியாது. 2023 செப்டம்பர் முதல் அபாயாவுக்கும் தடை. பல்கலைக்கழக மாணவிகளுக்கு 2004 சட்டம் பொருந்தாது. தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தாது என்றாலும், அவற்றுக்கு அவரவர் விதிமுறை உண்டு. வீட்டிலேயே கற்பிக்க நினைத்தால் 2022 முதல் முன் அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. இதை விமானம் ஏறும் முன்பே மகளுடன் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பள்ளி வாசலில் வைத்து முதன்முறையாக அவளுக்குத் தெரியவரக் கூடாது.

பள்ளி உணவகத்தில் ஹலால் உணவை எதிர்பார்க்க முடியாது. பன்றி இறைச்சிக்கு மாற்று உணவு தருவது ஊருக்கு ஊர் மாறும். வாரம் ஒருமுறை சைவ உணவு சட்டப்படி உண்டு. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகவும் தடையில்லை. பெருநாள் அன்று வகுப்புக்கு வராதிருக்க முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். பல ஊர்களில் புதன்கிழமை வகுப்பு இல்லை, அல்லது அரை நாள்தான். குர்ஆன் ஓதவும் தமிழ் எழுதப் படிக்கவும் அந்த நாள் உதவும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தருவானாக!