பத்தி எண்: கணக்கா, பெயரா?

மெக்காலே தலைமையில் அமைந்த சட்ட ஆணையம் 1837-இல் வரைந்து கொடுத்தது இந்தியத் தண்டனைச் சட்டம். 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அதில் 511 பிரிவுகள் இருந்தன. பிறகு அதில் நுழைந்த பிரிவுகள் பல, நீக்கப்பட்டவையும் உண்டு. ஆனாலும் கடைசிப் பிரிவின் எண் கடைசி நாள் வரை 511 தான். ராஜத்துரோகப் பிரிவை 1870-இல் சேர்த்தபோது 124-க்குப் பின்னால் 124ஏ என்று செருகினார்கள். மணமான பெண்ணைக் கணவனும் அவன் வீட்டாரும் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான பிரிவு 1983-இல் வந்தது. அதற்குக் கிடைத்த இடம் 498ஏ. அவதூறைச் சொல்லும் 499 அதனால் ஒரு படி தள்ளி 500 ஆகிவிடவில்லை. ஆகியிருந்தால் 1862 முதல் எழுதப்பட்ட அவதூறுத் தீர்ப்புகளும் குற்றப்பத்திரிகைகளும் வக்கீல்களின் குறிப்பேடுகளும் ஒரே இரவில் தவறான பிரிவைக் காட்டத் தொடங்கியிருக்கும். இன்று கணினியில் எண்ணிட்ட ஓர் ஆவணத்தின் நடுவே ஒரு பத்தியைச் செருகினால் நடப்பது அதுதான். கீழே உள்ள ஒவ்வோர் எண்ணும் தானாகவே ஒன்று அதிகமாகிவிடுகிறது. இதை வசதி என்கிறோம், வசதிதான். ஆனால் எண்ணிட்டு எழுதும் வழக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால், அந்த வழக்கம் எதைக் காப்பாற்ற ஏற்பட்டதோ அதையே இந்த வசதி அவிழ்த்துவிடுகிறது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நூலின் பகுதிக்குக் கொடுக்கும் எண்ணில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. இது எத்தனையாவது என்று சொல்வது கணக்கு. எந்தப் பிரதியைக் கையில் வைத்திருப்பவரும் அதே இடத்துக்கு வந்து சேரும்படி செய்வது பெயர். வழக்கம் வேரூன்றியது இரண்டாவதற்காகத்தான். பைபிளுக்கு இன்று நாம் காணும் அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழக வட்டாரத்தில் உருவானது. ஸ்டீஃபன் லாங்டன் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். வசன எண்களைப் புதிய ஏற்பாட்டுக்குக் கொடுத்தவர் ராபர் எஸ்தியென் என்ற அச்சகர். 1551-இல் ஜெனீவாவில் அவர் வெளியிட்ட பதிப்பில் நடுவே கிரேக்க மூலம், இரு பக்கமும் இரண்டு லத்தீன் மொழிபெயர்ப்புகள். மூன்று நெடுவரிசைகளிலும் ஒரே இடத்தைக் கண் உடனே பிடிக்க வேண்டும் என்றால் எண் இல்லாமல் முடியாது. பிறகு பழைய கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தபோது, அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தின் 37-ஆம் வசனம் அவற்றில் இல்லை என்று தெரிந்தது. பல நவீன மொழிபெயர்ப்புகள் அதை எடுத்து அடிக்குறிப்பில் போட்டுவிட்டன. ஆனால் 38-ஐ 37 ஆக்கவில்லை. 36-க்கு அடுத்து 38 என்றே அச்சாகிறது.

தமிழ்ப் பதிப்பாளர்களும் இதையே செய்திருக்கிறார்கள். 1894-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 என்ற இரு பாடல்கள் கிடைக்காதவை. ஐங்குறுநூற்றில் 129, 130 கிடைக்கவில்லை, நற்றிணையில் 234. இருப்பதை மட்டும் வரிசையாக எண்ணியிருந்தால் பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும்; இழந்தது எது, எந்த இடத்தில் என்ற செய்தி மட்டும் தொலைந்திருக்கும். வெற்று எண்ணும் சான்றுதான். இதற்கு மாறான நிலைமைக்குத் தொல்காப்பியத்தைப் பார்க்கலாம். உரையாசிரியர்கள் சூத்திரங்களை வெவ்வேறு இடத்தில் பிரித்தும் சேர்த்தும் உரை எழுதியதால், சூத்திர எண்ணை மட்டும் சொன்னால் போதாது, யார் உரைப்படி என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்திய அரசியலமைப்புச் சட்டம் இந்த ஒழுக்கத்தைச் சட்ட அளவில் கடைப்பிடிக்கிறது. 1950-இல் 395 பிரிவுகள். இன்றும் கடைசி எண் 395 தான், நடுவே எவ்வளவோ சேர்ந்த பிறகும். சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்த 44-ஆவது திருத்தம் 1978-இல் வந்தபோது 31-ஆம் பிரிவு போயிற்று. ஆனால் அதன் வால்களாக ஒட்டியிருந்த 31ஏ, 31பி, 31சி மூன்றும் உயிரோடு இருக்கின்றன. அதே திருத்தம் 19(1)-இல் இருந்த (எஃப்) என்ற உட்பிரிவையும் நீக்கியது. அடுத்ததாக இருப்பது தொழில் செய்யும் உரிமையைச் சொல்லும் (ஜி). வேர்டு மென்பொருளில் எண்ணிட்ட பட்டியலில் அந்த வரியை அழித்தால் (ஜி) தானாக (எஃப்) ஆகியிருக்கும். 1950 முதல் 1978 வரை தொழில் உரிமை பற்றி நீதிமன்றங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் இல்லாத உட்பிரிவைச் சுட்டும். சொத்துரிமைத் தீர்ப்புகளோ தொழில் உரிமையைச் சுட்டும். நாடாளுமன்றம் (இ)-க்கு அடுத்து ஒரு பள்ளத்தை விட்டுவிட்டு (ஜி)-யை அதன் இடத்திலேயே வைத்தது. எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. 1956-இல் காலியான 243 என்ற எண்ணை 1992-இல் ஊராட்சிகளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் 36 ஆண்டுகள் யாரும் குடியிருக்காத எண்ணை மறுபடி கொடுப்பது வேறு, ஆள் இருக்கும்போதே எண்ணை மாற்றுவது வேறு.

கீழமை நீதிமன்றங்களில் இதே விஷயம் இன்னும் அன்றாடமானது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆறாம் கட்டளையின் இரண்டாம் விதியில், பிராதையும் எதிருரையையும் வரிசை எண்ணிட்ட பத்திகளாகப் பிரிக்கச் சொல்கிறது. காரணம், பிரதிவாதி பத்தி பத்தியாகப் பதில் சொல்ல வேண்டும்: பிராது 4-ஆவது பாராவில் கண்ட சங்கதிகள் உண்மையல்ல, 5-ஆவது பாராவை வாதியே நிரூபிக்கக் கடமைப்பட்டவர், என்று. தட்டச்சு இயந்திரக் காலத்தில் பிராதில் திருத்தம் செய்து புதிய பத்தி சேர்த்தால் அது 4(அ) ஆகும். ஒழுங்கு என்ற கொள்கைக்காக அல்ல. மொத்தத்தையும் திரும்ப அடிப்பது பெரிய வேலை என்பதால். அந்தச் சோம்பலே எதிருரையைக் காப்பாற்றியது. சரியான காரியம் தவறான காரணத்துக்காக நடந்தது என்று சொல்லலாம்.

1986-இல் வந்த வேர்டுபெர்ஃபெக்ட் 4.2 என்ற எழுத்து மென்பொருள் பத்திகளுக்குத் தானே எண்ணிடும் வசதியைத் தந்தபோது அமெரிக்கச் சட்ட அலுவலகங்கள் அதை வாரி அணைத்துக்கொண்டதில் வியப்பில்லை. கையால் எண்ணிட்ட ஒப்பந்தங்களில் இரண்டு 7 இருக்கும், 12-க்குப் பின் 14 வரும், 9.3-ஐப் பார்க்க என்று சொல்லும் இடத்தில் 9.3 என்ற ஒன்றே இருக்காது. இந்தத் தொல்லைகளை நீக்கியது பெரிய உதவி. அதை மறுக்க வேண்டியதில்லை. எழுதுகிறவரின் மேசையில் ஆவணம் இருக்கும் வரை எண் என்பது வெறும் கணக்கு, கணக்கை இயந்திரம் போடுவதே நல்லது. ஆவணம் மேசையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் கோளாறு தொடங்குகிறது.

கணக்கையும் பெயரையும் பிரித்து வைக்க முடியும் என்று கணினி உலகத்திலேயே ஒருவர் காட்டியிருந்தார். 1968 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மேடையில் செய்து காட்டிய என்.எல்.எஸ். அமைப்பில் ஒவ்வொரு கூற்றுக்கும் 2பி3 என்பது போன்ற இட எண் இருந்தது; கூற்றை நகர்த்தினால் அதுவும் மாறும். பின்னர் அந்த அமைப்பு கூற்று பிறக்கும்போதே இன்னொரு எண்ணையும் கொடுத்தது. கூற்று எங்கே போனாலும் அந்த இரண்டாவது எண் மாறாது. கணக்கும் பெயரும் தனித்தனி. சந்தையில் வென்ற எழுத்து மென்பொருள்கள் எழுதுவோர் கண்ணில் படும்படி வைத்தது முதல் எண்ணை மட்டுமே.

இதற்கு வேர்டை அறிந்தவர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள்: எண்ணைக் கையால் அடிக்காமல் குறுக்குச் சுட்டாகச் செருகினால், பத்தி நகரும்போது சுட்டும் சேர்ந்து மாறுமே? மாறும், அதே கோப்புக்குள், புதுப்பிக்கச் சொன்னால். சுட்டிய பத்தியையே யாராவது அழித்துவிட்டால் அந்த இடத்தில் 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று தடித்த எழுத்தில் வந்து நிற்கும். அச்சாகி வந்த ஆவணங்களிலும் அது தென்படுவதுண்டு. அதுவாவது தவறு என்று உரக்கச் சொல்கிறது. எதிர்க்கட்சி வக்கீலின் கையில் இருக்கும் தாளிலும், நேற்று அனுப்பிய கடிதத்திலும், சாட்சியின் வாக்குமூலத்திலும் எழுதியிருக்கும் '4-ஆவது பாரா' எதையும் சொல்லாமல் வேறு பத்தியைக் காட்டும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எண்ணை மாற்றவே கூடாது என்றால் ஒட்டுகள் பெருகி அசிங்கமாகிவிடும். இது உண்மை. அரசியலமைப்பில் 243இசட்டி வரை போய்விட்டது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 298 வரைதான் எண். ஆனால் 115பிஏசி, 80ஐஏபி என்று முளைத்தவற்றையும் சேர்த்தால் காடு. அதனால்தான் 2025-இல் 536 பிரிவுகளோடு புதிய வருமான வரிச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 2024 ஜூலை 1 அன்று, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 358 பிரிவுகளே கொண்ட பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கான தண்டனை 302-இலிருந்து 103-க்குப் போனது. மோசடி 318-க்குப் போனது. ஏமாற்றுக்காரனுக்கு ஊரே வைத்திருந்த 420 என்ற எண் இந்தச் சட்டத்தில் கிடையவே கிடையாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய எண், பின் நடந்ததற்குப் புதிய எண். சென்னை வீட்டு வாசல்களில் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பது போல, நீதிமன்றங்கள் இன்னும் பல ஆண்டுகள் இரண்டையும் சுமக்கும். ஐரோப்பாவும் இதைப் பட்டிருக்கிறது: சம ஊதியம் பற்றிய 119-ஆம் பிரிவு, ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் 1999-இல் நடைமுறைக்கு வந்தபோது 141 ஆகி, லிஸ்பன் ஒப்பந்தத்தோடு 2009-இல் 157 ஆனது. இவை எல்லாம் எண்ணை மாற்றலாம் என்பதற்குச் சான்றுதான். ஆனால் மாற்றியவர்கள் நாள் குறித்து, பழையதற்குப் புதியது எது என்ற அட்டவணையோடு மாற்றினார்கள். கணினி ஒரு விசைத் தட்டலில் அதைச் செய்கிறது. நாளும் இல்லை, அட்டவணையும் இல்லை.

இயந்திரம் எண்ணிடுவதில் தவறில்லை, எப்போது நிறுத்துவது என்பதே கேள்வி என்பதை நீதிமன்றத் தீர்ப்புகள் நன்றாகக் காட்டுகின்றன. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1995-இலும், இங்கிலாந்தின் மேல் நீதிமன்றங்கள் 2001-இலும் தீர்ப்புகளின் பத்திகளுக்கு எண்ணிடத் தொடங்கின. இணையத்தில் வரும் தீர்ப்புக்குப் பக்கம் என்பதே நிலையில்லை. பத்தி எண்தான் பிடி. 2023-இல் இந்திய உச்ச நீதிமன்றமும் தன் தீர்ப்புகளுக்குச் சொந்த மேற்கோள் எண் கொடுக்கத் தொடங்கியது. தீர்ப்புகளின் பத்தி எண்களைப் போடுவது கணினிதான். ஆனால் தீர்ப்பு வெளியான பிறகு அவை நகர்வதில்லை.

ஒப்பந்தம், பிராது, சங்க விதிகள், அரசாணை வரைவு என்று எதை எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நாலு பேர் கைக்குப் போகுமுன் தானியங்கி எண்களைச் சாதாரண எழுத்தாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். பிறகு சேர்க்க நேர்ந்தால் 4(அ) என்று செருகுங்கள். நீக்க நேர்ந்தால் அந்த எண்ணுக்கு எதிரே 'நீக்கப்பட்டது' என்று எழுதி வையுங்கள்.