மங்கம்மாள் சத்திரம்: ரயிலுக்கு முன்பே வந்த விடுதி



நம் ஆனையூரிலிருந்து பெரியார் நிலையம் போகிறவர்கள், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். ரயில் பயணிகளுக்காகக் கட்டியது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். ராணி மங்கம்மாளின் ஆட்சி முடிந்ததோ 1706 வாக்கில். ரயில்தான் சத்திரத்தைத் தேடி வந்தது!

பெரிய ஓட்டல் என்றால் பம்பாய் தாஜ் ஓட்டலும் அதை நிறுவிய ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் நினைவுக்கு வருவார்கள். அது 1903-இல் திறந்தது. அதற்கு 200 ஆண்டு முன்பே, கையில் காசில்லாத வழிப்போக்கரை மனத்தில் வைத்து விடுதி கட்டியவர் நம் ராணி.

அவர் பட்ட துயரம் கொஞ்சமல்ல. கணவர் சொக்கநாத நாயக்கர் 1682-இல் மறைந்தார். மகன் 1689-இல் பெரியம்மை கண்டு இறந்தார். பேரனைப் பெற்றுக் கொடுத்துவிட்டு மருமகளும் போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தை விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் கட்டி, பாட்டியே நாட்டை ஆண்டார்.

மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டாராம். அந்தத் தோஷம் தீரவே தர்மங்கள் செய்தார் என்று ஒரு கதை உண்டு. கதை இருக்கட்டும், காரியத்தைப் பாருங்கள். கன்னியாகுமரி வரை சாலை, ஓரத்தில் நிழல் மரம், குடிக்கக் கிணறு, தங்கச் சத்திரம். வண்டியும் நடையும்தான் அன்றைய பயணம். தண்ணீரும் சோறும் இல்லாத சாலையில் யார் நடப்பார்கள்? வியாபாரி, யாத்திரிகர், படைவீரர் எல்லாரும் நடந்தது அந்தச் சாலைகளில்தான். தர்மத்தோடு நிர்வாக அறிவும் அதில் இருந்தது.

அவரது முடிவுதான் நெஞ்சை உறுத்துகிறது. வளர்ந்த பேரனின் ஆட்கள் அவரைச் சிறை வைத்தார்கள் என்றும், கைக்கு எட்டாத தூரத்தில் உணவை வைத்துப் பட்டினி போட்டார்கள் என்றும் மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஊர் பேர் தெரியாதவருக்கெல்லாம் சோறு போட்டவர்!

அவருடைய தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. பேரனைப் பற்றி இன்று ஊரில் பேசுவார் இல்லை. பாட்டியின் பெயரை மட்டும் ரயிலை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும் வாசிக்கிறார்கள்.

அடுத்த முறை பேரப்பிள்ளைகளோடு ஸ்டேஷனுக்குப் போகும்போது, இரண்டு நிமிடம் நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள்.