ஆடுகளோடு வந்த வெக்கை

நாற்பது ஆண்டுகளாக இலங்கையில் தலைகாட்டாதிருந்த மாட்டு நோயொன்று 1987 ஆம் ஆண்டில் மீண்டும் வந்தது. போர்ச் செய்திகளை நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு அது ஒரு செய்தியாகவே தெரியவில்லை. என் பத்திரிகை வாழ்வில் நான் கைநழுவவிட்ட செய்திகளுள் அதுவும் ஒன்று.

ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் எனப்படும் அந்நோயைத் தமிழில் வெக்கை என்பர். கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாயினுள் புண், பின்னர் அடங்காத கழிச்சல். எதிர்ப்புச் சக்தியில்லாத மந்தைக்குள் புகுந்தால் பெரும்பகுதியைச் சாய்த்துவிடும். மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே காவல்.

1987 ஜூலையில் இலங்கை இந்திய உடன்படிக்கை கைச்சாத்தாகி, இந்திய அமைதிப்படை வந்திறங்கியது. படையினரின் உணவுக்காக இந்தியாவிலிருந்து ஆடுகளும் வந்தன. அவற்றோடு கிருமியும் கரையேறியது என்பதே கால்நடை மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ள காரணம். ஆடுகளில் இந்நோய் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. ஆகவே எவரும் வேண்டுமென்று செய்த தீங்கென நான் கருதவில்லை. ஆயினும் படைக்கு வரும் ஆட்டை நிறுத்திப் பரிசோதிக்கும் துணிவு அந்நாளில் எந்த அதிகாரிக்கு இருந்திருக்கும்?

கிழக்கின் மாடு வளர்ப்பை அறிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது விளங்கும். யாழ்ப்பாணத்தைப் போலக் கொட்டிலில் கட்டி, பனையோலை கிழித்துப் போட்டு, தவிடும் புண்ணாக்கும் வைத்து ஓரிரு பசுக்களை வளர்க்கும் வழக்கம் அங்கே குறைவு. பட்டி பட்டியாகவே வளர்ப்பர். மாரியில் வெள்ளாமை வயலை மூடியதும் பட்டிகள் காட்டோரத் தரவைகளுக்குச் சாய்க்கப்படும். அறுவடை முடிந்ததும் வயலுக்குத் திரும்பி அரிதாளை மேயும். அவை இடும் எருவே அடுத்த போகத்துக்கான பசளை. பல ஊர்ப் பட்டிகள் ஒரே குளத்தில் நீரருந்தும். சுட்ட குறியே எது யாருடைய மாடென்று சொல்லும். செலவில்லாமல் மாட்டின் வயிற்றை நிரப்பிய அதே ஏற்பாடுதான் நோய்க்கும் வழிவிட்டது. தயிருக்குப் பேர்போன எருமைகளும் தப்பவில்லை.

எனக்குப் பழக்கமான பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். எழுபதுக்கு மேற்பட்ட மாடுகளில் பதினொன்றே எஞ்சின என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல முற்பட்டேன். "மனிசன் செத்தாத்தானே தம்பி பேப்பரில போடுவீங்க" என்றார். கோபத்தோடன்று, வெறுமனே கேட்டார். அன்று போட வேண்டிய மனிதச் சாவுகளே எங்களிடம் பக்கத்துக்கு மிஞ்சி இருந்தன என்பதும் உண்மை.

வால்டர் பிளௌரைட் என்னும் ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி அப்போது உலகெங்கும் வழக்கிலிருந்தது. நெடுங்காலப் பாதுகாப்புத் தரும் நல்ல ஊசி. ஆனால் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் மின்சாரமில்லாத ஊர்களுக்கு, சோதனைச்சாவடிகளைக் கடந்து, பனிக்கட்டி உருகுமுன் அதனைக் கொண்டுபோவது எளிதன்று. போய்ச் சேர்ந்தாலும் காட்டில் சிதறிய மாடுகளைச் சாய்த்துப் பட்டியடைக்க ஆள் வேண்டும், காடோ போர்க்களம். இத்தனைக்கும் நடுவே ஊசி போட்ட கால்நடை உத்தியோகத்தர்களைப் பற்றியும் நாங்கள் எழுதவில்லை.

இலங்கையில் இறுதியாக அந்நோய் காணப்பட்டது 1994 இல். 2011 ஆம் ஆண்டில் அது உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதர் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. அச்செய்தியைப் படித்த அன்று அந்தப் பட்டிக்காரரின் ஊருக்குத் தொலைபேசியில் விசாரித்தேன். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் மாடு வளர்ப்பதில்லையாம். உழவு இயந்திரம் ஓட்டுகிறாராம்.