மறக்கும்படி ஆணையிடப்பட்ட கதை: 'தி சிம்ப்ஸன்ஸ்' தொடரும் அதன் ரசிகர்கள் தொடுத்த வழக்கும்

1997 செப்டம்பர் 28ஆம் நாள் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'தி சிம்ப்ஸன்ஸ்' அத்தியாயம் ஒரு நீதிபதியின் ஆணையோடு முடிகிறது. ஸ்பிரிங்ஃபீல்டு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியராக எட்டுப் பருவங்களாகப் பார்வையாளர் அறிந்திருந்த சீமோர் ஸ்கின்னர் உண்மையில் அந்தப் பெயருக்கு உரியவர் அல்லர். அவர் ஆர்மின் டாம்சேரியன் என்னும் அநாதை. வியட்நாம் போரில் மாண்டுவிட்டதாகக் கருதப்பட்ட மேலதிகாரியின் பெயரையும் வீட்டையும் தாயையும் தமதாக்கிக்கொண்டவர். உண்மையான ஸ்கின்னர் திரும்பி வருகிறார். ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை. நாற்காலியோடு கட்டிச் சரக்கு ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். நீதிபதி ஸ்னைடர், டாம்சேரியனுக்கே ஸ்கின்னர் என்ற பெயரை வழங்கி, எல்லாம் முன்பிருந்தபடியே இருக்கும் என்றும், நடந்ததைப் பற்றி எவரேனும் வாய் திறந்தால் சித்திரவதைக்கு உள்ளாவர் என்றும் தீர்ப்பளிக்கிறார்.

ஊரார் அந்த ஆணைக்குக் கீழ்ப்படிந்தனர். ரசிகர்கள் கீழ்ப்படியவில்லை. தொடரின் வீழ்ச்சி எந்த நாளில் தொடங்கியது என்ற வாதம் எழும்போதெல்லாம் இந்த அத்தியாயத்தின் பெயர் முதலில் சொல்லப்படுகிறது. ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்துவந்த ஹாரி ஷீரர், பார்வையாளர் ஆண்டுக்கணக்காகப் பாத்திரத்தின்மீது வைத்திருந்த ஈடுபாட்டைக் காரணமின்றித் தூக்கி எறிந்த கதை என்று 2001இல் வெளிப்படையாகவே கண்டித்தார். படைப்பாளி மேட் க்ரோனிங்குக்கும் இது பிடிக்காத அத்தியாயங்களுள் ஒன்று. எழுதிய கென் கீலர் மட்டும் இதனை விட்டுக்கொடுக்கவில்லை. பழகியவை பழகியபடியே இருக்க வேண்டும் என்று விரும்பும் ஒரு சமூகத்தைப் பற்றியதே இக்கதை என்பது அவர் தரப்பு. ரசிகர்களின் சினம் அவர் எழுதியதை மெய்ப்பித்துவிட்டது என்றே தோன்றுகிறது. ஆனால் அந்தச் சினத்துக்கு நியாயம் இல்லை என்று அதனால் ஆகிவிடாது.

இத்தொடரில் காலம் நகர்வதில்லை. பார்ட்டுக்கு எப்போதும் பத்து வயது, லிசாவுக்கு எட்டு, மேகி கைக்குழந்தை. ஓர் அத்தியாயத்தில் வீடு எரிந்தாலும் அடுத்த வாரம் அது நிற்கும். 1989 டிசம்பர் 17இல் முழுநீளத் தொடராக வந்த நாள் முதல் இது எழுதப்படாத உடன்பாடு. நேற்று நடந்ததைப் பொருட்படுத்தாத இத்தகைய கதையுலகில், ஒரு தலைமையாசிரியரின் கடந்த காலத்தை மாற்றினால் ஏன் இத்தனை கொந்தளிப்பு? நிகழ்வு, நினைவு என்னும் இரண்டையும் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. நிகழ்வுகள் அழிவதைப் பார்வையாளர் ஒப்புக்கொண்டிருந்தனர். பாத்திரத்தின் நினைவு அழிவதற்கு அவர்கள் ஒப்பவில்லை. ஸ்கின்னர் வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தவர், தாய்க்கு அடங்கிய மகன் என்பவை கதை நிகழ்ச்சிகள் அல்ல. ஒவ்வொரு நகைச்சுவையும் ஊன்றி நிற்கும் தரை.

2008 ஜனவரி 27இல் ஒளிபரப்பான மற்றோர் அத்தியாயமும் இதே தரையைத்தான் அசைத்தது. ஹோமரும் மார்ஜும் பள்ளியில் சந்தித்தது 1974இல் என்று 1991இலேயே காட்டப்பட்டிருந்தது. புதிய கதையோ அவர்களது காதற்பருவத்தை 1990களுக்கு நகர்த்தியது. கணக்கின்படி இது தவிர்க்க இயலாதது. 2008இல் பத்து வயதுள்ள சிறுவன் 1998ஐ ஒட்டித்தான் பிறந்திருக்க முடியும். தர்க்கம் எழுத்தாளர் பக்கம் இருந்தும், முதல் கதையோடு வளர்ந்தவர்கள் அதனை ஏற்க மறுத்தனர். தொடக்கத்தில் பார்ட்டின் வயதினராயிருந்த பார்வையாளர்கள் 2008இல் மார்ஜின் வயதை நெருங்கிக்கொண்டிருந்தனர் என்பதையும் இங்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கருத்துகள் எங்கே பதிவாயின என்பது ஆய்வாளருக்கு முதன்மையான கேள்வி. 1990 முதல் யூஸ்நெட் வலையமைப்பில் இத்தொடருக்கென ஒரு விவாதக்குழு இயங்கியது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் காட்சி காட்சியாகப் பிரித்து, பின்னணிப் பலகைகளின் எழுத்துகளைக்கூடக் குறித்துவைத்து, மதிப்பெண்ணும் இட்டார்கள். வெகுமக்கள் தொலைக்காட்சி வரலாற்றில் வாராவாரம் திரண்ட இத்தகைய வாசிப்புப் பதிவு அதற்குமுன் அரிது. ஆனால் அன்று அந்த வலையமைப்பை எட்ட முடிந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் கணினித் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் இருந்தவர்கள். 'ரசிகர் கருத்து' என்று வரலாறு எடுத்துவைத்திருப்பது ஒரு சிறு வட்டத்தின் கருத்து. குடியேற்ற ஆவணங்களையும் காவல் துறைக் கோப்புகளையும் வாசிக்கும்போது காட்டும் அதே எச்சரிக்கை இந்த ஆவணத்துக்கும் தேவை.

அந்த வட்டம் எளிதில் மகிழ்வதாயும் இல்லை. 1992 நவம்பரில் வந்த, ஹோமர் தன் மகனை ஒரு திரைப்படம் பார்க்க விடாமல் தண்டிக்கும் அத்தியாயத்தைப் பார்த்த ஒருவர், இதைவிட மோசமான அத்தியாயம் வந்ததே இல்லை என்ற பொருளில் எழுதினார். அது நான்காம் பருவம். இன்று பொற்காலம் என்று எல்லாரும் போற்றும் ஆண்டு. பொற்காலத்தில் வாழ்பவர்க்கு அது பொற்காலம் என்று தெரிவதில்லை போலும்.

எழுத்தாளர்கள் இவற்றையெல்லாம் படித்துவந்தார்கள். மறுமொழி 1997 பிப்ரவரி 9இல் வந்தது. அன்று ஒளிபரப்பானது 167ஆவது அத்தியாயம். இரவு நேர அசைவூட்டத் தொடர்களுள் 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' வைத்திருந்த 166 என்ற எண்ணிக்கை அன்று கடக்கப்பட்டது. கதைக்குள் ஓடும் பூனை–எலிக் கேலிச்சித்திரத் தொடருக்கு வயதாகிவிட்டது என்று கருதும் நிர்வாகிகள் பூச்சி என்ற நாயைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். பார்வையாளர் வெறுக்கிறார்கள். நாய் கொல்லப்படுகிறது. காமிக் புத்தகக் கடைக்காரர் அந்த 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பையே வாய்மொழியாக உதிர்க்கிறார். இத்தனை ஆண்டு இலவசமாக மகிழ்வித்தவர்கள் உனக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள், நீயல்லவா அவர்களுக்குக் கடன்பட்டவன் என்ற பொருளில் பார்ட் கேட்கிறான். அவர் சற்று யோசித்து, முன்பு சொன்னதையே மீண்டும் சொல்கிறார். டேவிட் எக்ஸ். கோஹன் எழுதிய இந்தக் காட்சி நேர்த்தியானது. ஆயினும் பார்ட்டின் கணக்கு சரியன்று. விளம்பரதாரருக்கு விற்கப்பட்டது ரசிகரின் கவனமே. அவர் அரைமணி நேரத்தை விலையாகக் கொடுத்துத்தான் உட்கார்ந்திருந்தார்.

இந்த மறுமொழிக்கு ஏழரை மாதம் கழித்தே டாம்சேரியன் வந்தார். கீலருக்குத் தூண்டுதலாக இருந்தது இங்கிலாந்தின் டிச்போர்ன் வழக்கு. கடலில் மாண்டதாகக் கருதப்பட்ட செல்வக் குடும்பத்து வாரிசு தானே என்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் 1866இல் வந்து நின்றார். மகனை இழந்த தாய் அவரை ஏற்றுக்கொண்டார். நீதிமன்றமோ 1874இல் அவரைச் சிறைக்கு அனுப்பியது. இந்திய மாணவர்க்கு இதைவிட அணுக்கமான வழக்கு வங்கத்துப் பாவல் சந்நியாசியுடையது. 1909இல் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்ட ஜமீன் குமாரர், பல்லாண்டுகளுக்குப் பின் சாம்பல் பூசிய துறவியாக டாக்காவில் தோன்றினார். 1946இல் பிரிவி கவுன்சில் அவருக்குச் சாதகமாகவே முடித்தது. பார்த்தா சாட்டர்ஜி இதனைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். மச்சமும் தழும்பும் கையெழுத்தும் சாட்சியங்களாயின. ஆனால் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் அவரை ஏற்றதற்கு அவை காரணமல்ல. அவர் தங்கள் குமாரராக இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு மக்கள் செய்ததும் அதுவே. இரு வழக்குகளிலும் அடையாளம் என்பது ஒருவனது உடலில் இல்லை, அவனை அறிந்தவர்களின் ஒப்புதலில் இருக்கிறது. அந்த ஒப்புதலைத் தருபவர்கள் தாங்களே என்று ரசிகர்கள் நினைத்ததில் வியப்பில்லை. கதைக்குள் ஊராருக்கு வழங்கிய உரிமையைக் கதைக்கு வெளியே தங்களுக்கு எழுத்தாளர் மறுத்ததுதான் அவர்களைச் சுட்டது.

ஆணையை மீறியவள் இறுதியில் லிசா. 2004 ஜனவரியில் வந்த அத்தியாயத்தில் வீட்டுப் பூனைகள் அடுத்தடுத்து இறக்க, ஐந்தாவதாக வந்த பூனைக்கு இரண்டாம் பூனையின் பெயரையே இட்டு எதுவும் நடவாததுபோல் இருக்க முடிவு செய்கிறாள். இது ஏமாற்று அல்லவா என்று தலைமையாசிரியர் கேட்க, அவரை டாம்சேரியன் என்று விளிக்கிறாள். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசாமல் போய்விடுகிறார்.

கதைத்தேர்வு என்று ரசிகர்கள் வாதிட்டவற்றுள் சில தேர்வுகளே அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2000 பிப்ரவரியில் மாட் ஃபிளாண்டர்ஸ் கொல்லப்பட்டதற்குப் பின்னால், அப்பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த மேகி ராஸ்வெலின் பயணச் செலவு குறித்த ஊதியப் பிணக்கு இருந்தது. 1998இல் ஃபில் ஹார்ட்மன் கொலையுண்டபின் அவருடைய பாத்திரங்கள் ஓசையின்றி விலக்கப்பட்டன.

இனி அபு நஹாசபீமாபெட்டிலனுக்கு வருவோம். 1990 பிப்ரவரியில் ஒரு கடைக்காரராக நுழைந்தவர். சத்யஜித் ராயின் படங்களிலிருந்து முதற்பெயரைப் பெற்றவர். குரல் ஹாங்க் அசாரியாவுடையது. அந்தப் பேச்சுமுறைக்கு 1968ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் மை பூசி நடித்த இந்தியப் பாத்திரமும் ஊற்றாக இருந்தது. ஆயினும் எழுத்து அவரைக் கைவிட்டுவிடவில்லை. 1996 மே மாத அத்தியாயத்தில் அவருக்கு ஒரு முழு வரலாறே கிடைக்கிறது. கல்கத்தாவில் எழுபது லட்சம் பேர் கொண்ட வகுப்பில் முதலாவதாகத் தேறி, கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்காக அமெரிக்கா வந்தவர். கல்விக் கடனை அடைக்கக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, விசா காலாவதியான பின்னும் தங்கிவிட்டவர். 1994இல் கலிஃபோர்னியாவில் நிறைவேறிய, குடியேறிகளுக்கு எதிரான 187ஆம் முன்மொழிவு அக்கதையின் பின்புலம். முனைவர் பட்டத்தோடு கல்லாவில் நிற்கும் இந்தியனைச் சிரிப்புக்குரியவனாக்கியதும், அவன் நாடு கடத்தப்படக் கூடாது என்று பார்வையாளரை விரும்பவைத்ததும் அதே தொடர்தான்.

2017 நவம்பரில் வந்த ஆவணப்படத்தில், நியூயார்க்கில் பிறந்து வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு எழுப்பிய வழக்கை இப்பின்னணியில் வைத்தே வாசிக்க வேண்டும். அவர் தொடரின் எதிரி அல்லர். அதனோடு வளர்ந்த ரசிகர். பள்ளி மைதானத்தில் தெற்காசியக் குழந்தைகளை நோக்கி வீசப்பட்ட உச்சரிப்பு அபுவுடையது, அதைப் பேசியவரோ வெள்ளையர் என்பது அவரது குற்றச்சாட்டு. இந்தியாவில் ஆங்கில அலைவரிசைகளில் தொடரைப் பார்த்தவர்க்கு இந்த வலி எளிதில் எட்டவில்லை. அவர்களை யாரும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. 2006இல் அணுமின் நிலைய வேலைகளைப் பெங்களூருக்கு அனுப்பிய அத்தியாயத்தையும் தங்களைப் பற்றிய வேடிக்கையாகச் சிரித்துக் கடக்க அவர்களால் முடிந்தது. பெரும்பான்மையாக வாழ்பவர்க்குக் கேலிச்சித்திரம் ஒரு சித்திரம் மட்டுமே. ஒரு வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது பெயராகிவிடுகிறது.

தொடரின் முதல் மறுமொழி 2018 ஏப்ரல் 8இல் வந்தது. ஒருகாலத்தில் எவரையும் புண்படுத்தாமல் பாராட்டுப் பெற்ற ஒன்று இன்று தவறாகிவிட்டது, என்ன செய்ய முடியும் என்று லிசா பார்வையாளரை நோக்கிக் கேட்கிறாள். அருகே அபுவின் படம். 1997இல் பார்ட் கேட்டதன் மறுவடிவம் இது, நகைச்சுவை மட்டும் குறைந்திருந்தது. இதனினும் கவனத்துக்குரியது ரசிகர்களின் எதிர்வினை. ஸ்கின்னரின் கடந்த காலத்தைத் தொட்டபோது பார்வையாளரின் நினைவுக்கு உரிமை உண்டு என்று வாதிட்ட மரபிலிருந்தே, அபுவைத் தொடாதே என்ற குரலும் எழுந்தது. கொண்டபோலுவின் முறையீடும் நினைவைப் பற்றியதுதான். ஆனால் அது ரசிகர் கருத்தாக அல்ல, வெளியாரின் புகாராக எண்ணப்பட்டது. 1990களின் விவாதப் பதிவுகளை மட்டும் சான்றாகக் கொண்டு ரசிகர் வரலாறு எழுதுபவர் இதே பிழையைச் செய்ய நேரிடும்.

அசாரியா தயாரிப்பாளர்களைவிட விரைந்து மாறினார். இந்திய எழுத்தாளர்கள் அறையில் இருக்க வேண்டும் என்று 2018இலேயே சொன்னார். 2020 ஜனவரியில் அபுவுக்குக் குரல் கொடுப்பதை நிறுத்தியதை அறிவித்தார். அடுத்த ஆண்டு வருத்தமும் தெரிவித்தார். 2020 ஜூனில், வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளையர் குரல் கொடுக்கமாட்டார்கள் என்று தொடர் அறிவித்தது. கார்லுக்கும் டாக்டர் ஹிப்பர்ட்டுக்கும் கறுப்பினக் கலைஞர்கள் வந்தார்கள்.

2025 மே மாதத்தில் எதிர்காலக் கதையொன்றில் மார்ஜ் இறந்துவிட்டதாகக் காட்டப்பட்டு ரசிகர்கள் கலங்கியபோது, அத்தகைய எதிர்காலங்கள் கட்டுப்படுத்துவன அல்ல என்று தயாரிப்புத் தரப்பு ஆறுதல் சொன்னது. ஸ்னைடரின் ஆணை இப்போது கதைக்கு வெளியே பிறப்பிக்கப்படுகிறது. அபுவுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவர் கொல்லப்படவில்லை, ஊரைவிட்டு அனுப்பப்படவில்லை, புதிய குரலும் தரப்படவில்லை. ஊர்க் கூட்டங்களில், பின்வரிசையில், சில வேளை அவரது உருவம் தெரிகிறது, வாய் அசைவதில்லை.