அக்கரை ஏடுகளில் நம் முன்னோர்

நம் கடற்கரைப் பட்டினங்களில் 'பினாங்குக்காரர் வீடு', 'ரங்கூன்காரர் வீடு' என்று இன்றும் வழங்கும் வீடுகள் பல. அப்பெயருக்கு உரியவர் யார், எந்த ஆண்டில் கப்பலேறினார், அக்கரையில் என்ன வணிகம் செய்தார், எங்கே அடங்கியிருக்கிறார் என்று வினவினால், வீட்டின் மூத்தவர்க்கும் மூன்று தலைமுறைக்கு மேல் சொல்ல இயலுவதில்லை. சபுர் போனவருள் சிலர் திரும்பினர்; சிலரிடமிருந்து கடிதமும் பணமும் மட்டும் வந்தன; சிலரைப் பற்றிய செய்தி ஒருநாள் நின்றே போயிற்று. அவர்களைத் தேட விரும்புவோர் முன்னாளில் இலண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ சென்று ஆவணக் காப்பகங்களில் காத்துக் கிடக்க வேண்டும். இன்று அவ்வேடுகளில் ஒரு பகுதி இணையத்தில் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கிறது. வாய்ப்புப் பெரிது. அதன் வழியில் உள்ள இடறலும் சிறிதன்று.

1786இல் ஆங்கிலக் கும்பினியார் பினாங்கில் குடியேற்றம் அமைத்த தொடக்கக் காலத்திலேயே நம்மவர் அங்கு வணிகம் செய்தனர். ஏடுகள் அவர்களைச் 'சூலியா' என்று குறிக்கின்றன. அவர்தம் தலைவராக ஏற்கப்பட்ட காதிர் முகைதீன் அவர்களின் முயற்சியால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இலும், அல்அப்ரார் பள்ளிவாசல் 1827இலும் நிறுவப்பட்டன. நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. இவ்வாறு ஊன்றி வாழ்ந்த ஒரு சமுதாயம் நிலப்பட்டா, விருப்ப ஆவணம், கப்பல் அறிவிப்பு, வழக்கு எனப் பல வகையில் அரசின் ஏடுகளில் தடம் பதித்திருப்பது இயல்பே.

அத்தடங்கள் இன்று எங்கே உள்ளன? சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய செய்தித்தாள்களை மின்வடிவில் வழங்குகிறது. 1845இல் தொடங்கிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' முதல், மகதூம் சாயிபு அவர்கள் 1887 முதல் 1890 வரை நடத்திய 'சிங்கை நேசன்' வரை அங்குப் பயிலலாம். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் நீரிணைக் குடியேற்றப் பகுதியின் அரசுக் கடிதங்களை இணையத்தில் ஏற்றியுள்ளது. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளம் 2015 முதல் இயங்குகிறது. இவற்றின் முன் அமர்ந்து பாட்டனார் பெயரைத் தட்டச்சு செய்பவர், பெரும்பாலும் ஒன்றுமே கிடைக்காமலோ ஒரே பெயரில் நூறு பேர் கிடைத்தோ திகைத்து நிற்பர். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நம் பெயர்கள்.

நம்மவர்க்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. தந்தை பெயரும் வீட்டுப் பெயருமே அடையாளம். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதினர். ஆதலின் ஒரே மரைக்காயர் ஓர் ஏட்டில் 'மரிக்கன்', மற்றோர் ஏட்டில் 'மெரிக்கன்', வேறோர் ஏட்டில் 'மரிக்கார்' ஆகிறார். முகைதீன் 'மைதீன்' ஆகவும் 'மொஹுதீன்' ஆகவும் திரிகிறார். பரங்கிப்பேட்டையைத் தேடுவோர் 'போர்ட்டோ நோவோ' என்றும், தரங்கம்பாடியைத் தேடுவோர் 'டிராங்குபார்' என்றும் தேட வேண்டும். பழைய அச்சைக் கணினி தானே படித்துப் பதியும் முறையில் நேரும் பிழைகள் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். எனவே பெயரை மட்டும் தேடாது தெருவின் பெயர், கப்பலின் பெயர், கூட்டு வணிகர் பெயர் ஆகியவற்றைக் கொண்டும் தேடுவதே பயன் தரும்.

இனி, ஒரே பெயரில் பலர் கிடைக்கும் இடர்ப்பாடு. நாகூர் நாயகம் அவர்களின் திருப்பெயரால் ஊர்தோறும் ஷாகுல் ஹமீதுகள் இருந்தனர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரு குடும்பத்துள்ளேயே ஒரே பெயர் மாறி மாறி வரும். பாட்டன் வாங்கிய நிலத்தைப் பேரன் கணக்கில் எழுதிவிட்டால், பின்வரும் முடிவுகள் யாவும் பிழைபடும்.

இவ்விடத்தில் நம் மரபே நமக்கு வழிகாட்டுகிறது. ஹதீஸ் கலை அறிஞர் எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான். எழுத்தில் ஒத்து ஒலிப்பில் வேறுபடும் பெயர்களைப் பிரித்தறிய இமாம் தாரகுத்னீ (ரஹ்) தனிநூல் யாத்தார்கள். பெயர் ஒன்றாயும் ஆள் வேறாயும் உள்ள அறிவிப்பாளரைப் பிரித்துக் காட்ட கதீபுல் பக்தாதீ (ரஹ்) ஒரு நூல் எழுதினார்கள். இன்னார் இன்னாரிடமிருந்து அறிவித்தார் எனின், இருவரும் ஒரே காலத்தவரா, சந்தித்திருக்க இயலுமா என்று அவர்கள் ஆராய்ந்தனர். அந்த அளவுகோலையே நாமும் கையாளலாம். ஏட்டில் காணும் பெயர் நம் முன்னோரே என்று கொள்ளுமுன், பெயர் நீங்கலாக இரண்டு சான்றுகளேனும் பொருந்த வேண்டும்: தந்தை பெயர், ஊர், தொழில், உடன் குறிக்கப்பட்ட உறவினர், காலம். பொருந்தாதவிடத்து 'இருக்கலாம்' என்று எழுதி நிறுத்துவது நேர்மை.

காலத்தைக் கணிக்க நம் வீட்டு ஏடுகள் கைகொடுக்கும். ஒரு கடிதத்தில் ஹிஜ்ரி 1300 என்று மட்டும் இருப்பின், அது 1882 நவம்பர் முதல் 1883 நவம்பர்த் தொடக்கம் வரை நீளும். அதிலேயே தமிழாண்டு சித்திரபானு என்றும் குறித்திருந்தால், அவ்வாண்டு 1883 ஏப்ரலில் முடிவதால், ஓராண்டுத் தேடல் ஐந்து மாதங்களுக்குள் அடங்கிவிடும். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் துணையின்றி இக்கடிதம் பேசாது; கடிதமின்றிச் செய்தித்தாளில் எந்தத் திங்களைப் புரட்டுவது என்பதும் விளங்காது.

பெண்மக்களைத் தேடுவது இன்னும் கடினம். ஏடுகளில் அவர்கள் பெரும்பாலும் இன்னாரின் மனைவி, இன்னாரின் விதவை என்ற அளவிலேயே நிற்கின்றனர். ஆயினும் ஒரு வாயில் உண்டு. நம் ஃபராயிழ் சட்டம் மனைவிக்கும் மகளுக்கும் தாய்க்கும் பங்கு வகுத்திருப்பதால், சொத்து வழக்கு எழுந்தபோதெல்லாம் அவர்கள் பெயர் நீதிமன்றத்தில் ஏறிற்று. பினாங்கின் பெருவணிகர் முகம்மது நூர்தீன் அவர்களின் விருப்ப ஆவணம் பற்றி 1871இல் நடந்த புகழ்பெற்ற வழக்கு 'ஃபாத்திமா எதிர் லோகன்' என்றே வழங்குகிறது. பினாங்கில் ஆங்கிலச் சட்டமே செல்லும் என அங்கு முடிவாயிற்று. சட்ட மாணவர்க்கு அது ஒரு முன்னுதாரணம். குடும்ப வரலாறு தேடுவோர்க்கோ, சட்ட நூலின் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் நிலைபெற்றிருப்பதே செய்தி.

வழக்கேடுகளைப் புரட்டுவோர் எதிர்பாராத ஒன்றையும் காண நேரலாம். அக்கரை சென்ற பலர் அங்கும் நிக்காஹ் செய்து குடும்பம் கொண்டனர். மலாய்த் தாயர்க்குப் பிறந்த அவர்தம் மக்கள் 'ஜாவி பெரானக்கான்' எனப்பட்டனர். 1876இல் சிங்கப்பூரில் அப்பெயரிலேயே மலாய்மொழிச் செய்தித்தாள் ஒன்றையும் கண்டனர். நாளடைவில் அவர் வழியினர் பலர் மலாய் மக்களோடு கலந்துவிட்டனர். ஆக, ஊரில் நாம் அறியாத ஒரு பாட்டியும் அவர் வழிப் பேரர்களும் ஏட்டில் எதிர்ப்படலாம். மறைக்கப்பட்டதை ஊரறியச் செய்து ஒருவரை நாணச் செய்வது நம் பண்பன்று. ஆயின் அறிந்த உறவை அறியாதது போல் விடுவதும் பண்பாகாது. உறவைச் சேர்ந்து வாழும் அளவிற்கு உங்கள் வம்சாவளியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் பணித்தது திர்மிதீயில் பதிவாகியுள்ளது. எனவே இத்தேடலின் பயன் அரபு நாட்டுப் பெருங்குலத்தோடு நம்மைப் பொருத்திப் பெருமை கொள்வதன்று. அறுந்த இரத்த உறவை அறிந்து இணைப்பதே.

இணையத்தில் உள்ளது அரசு அறிய விரும்பியது மட்டுமே. வரி, நிலம், குற்றம், வழக்கு ஆகியவற்றில் சிக்காத எளியவர் அங்கு அரிது. ஏறியதும் என்றும் கிடைக்கும் என்பதில்லை. கும்பினியின் ஏடுகளைக் காக்கும் பிரித்தானிய நூலகம் 2023 அக்டோபரில் கணினித் தாக்குதலுக்கு உள்ளானபோது, அதன் பட்டியல் கூட 2024 ஜனவரி வரை இணையத்தில் கிடைக்கவில்லை. ஆதலின் கண்டதை நாளும் இடமும் குறித்துப் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேடு, பெட்டியடியில் கிடக்கும் கடிதம், மையித்தாங்கொல்லையின் மீசான் கல், தொண்ணூறு அகவையைக் கடந்த பாட்டியின் நினைவு ஆகியவை எந்தத் தளத்திலும் இல்லை. ஜமாஅத்தின் இசைவோடு அப்பதிவேட்டைப் படமெடுத்து வைப்பதற்கு ஒரு கைப்பேசி போதும். அக்கரை ஏடுகள் காத்திருக்கும். பாட்டியாரிடம் கேட்க வேண்டியதை இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்வோமாக.