அறுபத்தோராவது சீட்டு

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மார்டள்ளி சென்றிருந்தபோது, பெங்களூரில் பொறியியல் பயிலும் என் சித்தி மகன் கூடத்துத் தரையில் சீட்டுகளைப் பரப்பிவைத்து ஒரு மாலை முழுவதும் அமர்ந்திருந்தான். 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் ஆட்டத்திற்கான கட்டு அது. அடுத்த வார இறுதியில் நகரத்துக் கடை ஒன்றில் போட்டி. விதிப்படி ஒரு கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும். அவனிடம் 61 இருந்தன. "அக்கா, ஒன்னே ஒன்னு கூட இருந்தா என்ன ஆயிடும்?" என்றான். விதி அதைத் தடுக்கவில்லை. ஆயினும் போட்டிக்குச் செல்பவர் எவரும் அதைச் செய்யத் தயங்குவர் என்பதை அவனே அறிந்திருந்தான். எதை நீக்குவது என்பதுதான் அவனது துயரம்.

இவ்வாட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: இதில் பொதுக்கட்டு என்று ஒன்றில்லை. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டு வந்து எதிராளியின் கட்டுடன் மோதுகின்றனர். ஒரே சீட்டின் படிகள் நான்கிற்கு மேல் கூடாது (அடிப்படை நிலச்சீட்டுகளுக்கு இவ்வரம்பில்லை). தொடக்கத்தில் ஏழு சீட்டுகள் கைக்கு வரும். ஒரு சீட்டின் நான்கு படிகளும் 60 சீட்டுக் கட்டில் இருந்தால், அவற்றில் ஒன்றேனும் முதற்கையில் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. கட்டு 61 ஆனால் 39.4, 80 ஆனால் 31. ஆகவே தம்பியின் கேள்விக்குக் கணக்கு தரும் விடை 'அரை விழுக்காடு' என்பதே. அந்த அரை விழுக்காட்டிற்காக ஒரு மாலையைச் செலவிடுவது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பிலிருந்தே இப்பதிவு.

சீட்டாட்ட வரலாற்றில் கேட்கத்தக்க கேள்வியொன்று உண்டு: கட்டை அமைக்கும் உரிமை யாருடையது? நாம் விளையாடும் 52 சீட்டுக் கட்டு நமக்கு முன்பே முடிவாகிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் தாத்தா ஆடிய இருபத்தெட்டு அப்படியன்று. அதில் இரண்டு முதல் ஆறு வரையுள்ள இருபது சீட்டுகளை எடுத்துவிட்டு எஞ்சிய 32-ஐக் கொண்டு ஆடுவர். ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதிற்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று; ஓர் இனத்திற்கு ஏழு, நான்கு இனங்களுக்கு 28. ஈழத்தமிழர் ஆடும் முந்நூற்று நான்கும் இதே கணக்கே: 30, 20, 11, 10, 3, 2 எனக் கூட்டினால் 76; நான்கால் பெருக்கினால் 304. கட்டின் கூட்டுத்தொகையே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. ஜாக்கியும் ஒன்பதும் உயரும் இந்த ஏற்பாட்டை ஐரோப்பிய யாஸ் வகை ஆட்டங்களிலும், குறிப்பாக டச்சுக்காரரின் கிளாவர்யாஸிலும், துருப்பு இனத்தில் காண்கிறோம். நம் முதியோர் வாயில் வழங்கும் 'கிளாவர்' என்ற பெயரும் ஆங்கிலக் கிளப்ஸைக் காட்டிலும் டச்சு 'கிளாவரை' ஒட்டி நிற்கிறது என்பதை மொழியியல் மாணவர்கள் கவனிக்கலாம்.

இடையில் ஒரு சொல் பற்றிய குறிப்பு. மார்டள்ளி தமிழ் பேசும் ஊர், சுற்றிலும் கன்னடம். எங்கள் ஊரில் 'இஸ்பேட்' என்றால் நான்கு இனங்களுள் ஒன்று. கன்னடத்தில் 'இஸ்பீட்டு' என்றால் சீட்டாட்டமே. வாள் எனப் பொருள்படும் போர்ச்சுகீசிய 'எஸ்பாடா'வை நினைவூட்டும் ஒரே வடிவம், ஒரு மொழியில் பகுதியாகவும் மற்றொன்றில் முழுமையாகவும் நிற்கிறது. கன்னடத்தில் ஒற்றைச் சீட்டிற்கு 'எலெ', அதாவது இலை, என்று பெயர். இந்த இலை நம்மை மைசூர் அரண்மனைக்கு இட்டுச் செல்கிறது.

மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் 1799-இல், ஐந்து வயதில் அரியணை ஏறினார். நகரப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியைக் காரணங்காட்டி 1831-இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைத் தம் வசம் எடுத்துக்கொண்டனர். அதன்பின் இறக்கும்வரை 37 ஆண்டுகள் அவர் பெயரளவிலேயே அரசர். அவரது ஆதரவில் உருவான 'ஸ்ரீதத்வநிதி' ஒன்பது நிதிகளாகப் பகுக்கப்பட்டது. இறுதி நிதியாகிய 'கௌதுக நிதி' விளையாட்டுகளுக்கு உரியது. அதில் 'சத' எனப்படும் சீட்டாட்டங்கள் விதிகளுடன் பதிவாகியுள்ளன. வடமொழியில் 'சத' என்பதற்கு இலை, மூடுவது என்னும் பொருள்கள் உண்டு. அரண்மனையின் வடசொல்லும் தெருவின் 'எலெ'யும் ஒன்றையே சுட்டுகின்றன என்று நான் கொள்கிறேன்.

இவ்வாட்டங்களின் அடித்தளம் கஞ்சிபா. பாபர் 1527-இல் சிந்துவிலிருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிபா சீட்டுகளை அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்கிறார். முகலாய வகையில் எட்டு இனங்கள், 96 சீட்டுகள். தசாவதார வகையில் பத்து இனங்கள், 120 சீட்டுகள். ஒவ்வோர் இனத்திலும் அரசன், அமைச்சன், பத்து எண்கள். பாதி இனங்களில் பத்து உயர்ந்தது. மறுபாதியில் ஒன்று உயர்ந்தது. தசாவதாரத்தில் பகலில் ராமன் இனமும் இரவில் கிருஷ்ணன் இனமும் ஆட்டத்தைத் தொடங்கும். மூவர் ஆடினால் ஆளுக்கு நாற்பது. சீட்டு எதுவும் மிஞ்சாது. ஆகவே இங்கே திறமை என்பது நினைவாற்றலே: எது இறங்கிவிட்டது, எது இன்னும் எவர் கையிலோ உள்ளது என்னும் கணக்கு.

இந்த ஏற்பாட்டின் மேல் மும்மடியார் கட்டியெழுப்பினார். எண்சீட்டுகள் பன்னிரண்டாயின, அரசவைச் சீட்டுகள் சில கட்டுகளில் ஆறுவரை பெருகின. இனங்கள் பதினெட்டுவரை சென்றன; நிலைத்த துருப்புகளும், எந்த இடத்திலும் நிற்கவல்ல சீட்டுகளும் சேர்ந்தன. மிகப் பெரிய கட்டில் 360 சீட்டுகள். நாட்டை இழந்த மன்னர் காகித அரசர்களை அடுக்கி ஆறுதல் தேடினார் என்று இதை எளிதாக எழுதிவிடலாம், எழுதியும் விடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சதுரங்கப் பலகையின் எல்லாக் கட்டங்களையும் குதிரை ஒருமுறை மட்டும் தொட்டு வரும் புதிர்களில் ஆழ்ந்து உழைத்தவர் அவர். சேர்க்கைகளின் கணக்கில் உண்மையான நாட்டமுடையவர் செய்யும் வேலையே இது. அவரது சீட்டுக்கட்டுகளையும் அந்த நாட்டத்தின் விளைவாகப் படிப்பதே நேர்மை.

ஆனால் அவ்வாட்டங்கள் அரண்மனைக்கு வெளியே பரவவில்லை. இங்குதான் தம்பியின் அறுபத்தோராவது சீட்டு எனக்கு விளங்கத் தொடங்கியது. மும்மடியாரின் கட்டில் எதையும் நீக்கும் உரிமையும் தேவையும் எவருக்கும் இருந்திருக்காது. 360 சீட்டுகளை நினைவில் வைத்து ஆடுவது கடினம் என்று ஓர் ஆட்டக்காரன் முணுமுணுத்திருந்தாலும், அந்த முணுமுணுப்பு விதியாக மாறும் வழியில்லை. இருபத்தெட்டிலோ, பெயர் தெரியாத எவரோ இருபது சீட்டுகளைத் தூக்கி எறிந்தனர், பிறர் அதை ஏற்று ஆடினர், ஆட்டம் நிலைத்தது. சொற்களஞ்சியம் தொகுப்பவருக்கும் மொழி பேசுபவருக்கும் இடையிலுள்ள தொலைவை இது எனக்கு நினைவூட்டுகிறது. சசூர் மொழியைச் சதுரங்கத்தோடு ஒப்பிட்டது புகழ்பெற்றது. காய்களைக் குறைக்கும் ஆட்டக்காரர்களை அந்த உவமை இடம்பெறச் செய்யவில்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை.

கட்டமைக்கும் உரிமை ஆட்டக்காரரிடம் முறையாக வந்து சேர்ந்தது 1993-இல். சேர்வியல் கணிதத்தில் ஆய்வுப்பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த மேஜிக்கில் முதலில் 40 சீட்டுகள் போதும்; படிகளுக்கும் வரம்பில்லை. ஆட்டக்காரர்கள் வலிய சீட்டுகளை அள்ளி நிரப்பினர். அடுத்த ஆண்டே போட்டிகளுக்கு அறுபது, நான்கு என்னும் வரம்புகளும் தடைப்பட்டியலும் வந்தன. ஆக, உரிமை வந்த வேகத்திலேயே ஒழுங்கும் வந்தது.

பின்னர் 1996-இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப்போட்டியில் பால் ஸ்லை என்பவர் இரண்டாமிடம் பெற்றார். அவரது கட்டைப் பார்த்தவர்கள் நகைத்திருப்பர்: பலரும் ஒதுக்கிய எளிய சிவப்புச் சீட்டுகள் நிறைந்தது அது. ஆனால் ஒவ்வொரு முறையும் கையிலுள்ள வளம் வீணாகாமல் செலவாகும்படி, முதல் முறைக்கு இத்தனை, இரண்டாம் முறைக்கு இத்தனை என்று செலவின் படிக்கட்டு கணக்கிடப்பட்டிருந்தது. ஒரு சீட்டின் தனி வலிமையைவிட அது எப்போது இறங்கும் என்பதே முக்கியம் என்பதைப் போட்டி உலகம் அதிலிருந்து கற்றது. அந்த அமைப்பிற்கு இன்றும் 'ஸ்லை' என்றே பெயர். அதை உண்மையில் வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். பெயர் வடிவமைத்தவருக்குச் செல்லாமல், எதிராளியின் முன் அமர்ந்து ஆடியவருக்குச் சென்றது. மும்மடியாரின் கட்டுகளை எண்ணும்போதெல்லாம் இச்செய்தி என் நினைவிற்கு வருகிறது.

ஆய்வாளர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மைசூர்க் கஞ்சிபா இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினை; வட்டச் சீட்டுகளின் வண்ணமும் கோடும் பற்றி நல்ல எழுத்துகள் உள்ளன. ஆட்டமாக அதை அணுகும் எழுத்து அரிது. பொருண்மைக் கோட்பாட்டு வகுப்பில் நாம் படிக்கும் மைக்கேல் டம்மெட், 1980-இல் டாரட் சீட்டுகள் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். குறிசொல்வதற்கென்று உலகம் நம்பிய அச்சீட்டுகள் ஆட்டத்திற்கே பிறந்தவை என்று, விதிகளை ஒன்றொன்றாக மீட்டு நிறுவினார். அத்தகைய உழைப்பைக் கௌதுக நிதி இன்னும் எதிர்பார்த்திருக்கிறது. அதன் விதிகளைக் கொண்டு, அச்சடித்த வெறும் காகிதச் சீட்டுகளேனும் வைத்து, மூவர் அமர்ந்து ஓர் ஆட்டத்தை முடிக்க வேண்டும். எந்த இனம் மிகையானது, எந்தத் துருப்பு ஆட்டத்தைக் கெடுக்கிறது என்பவை ஓவிய ஆய்வில் புலப்பட வழியில்லை. மைசூரில் இதற்கு உடன்வர விரும்பும் மாணவர்கள் எனக்கு எழுதலாம். கன்னடம் படிக்கத் தெரிந்தால் நல்லது. பொறுமை இருந்தால் மிக நல்லது.

அன்றிரவு தம்பி ஒரு சீட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டான். எதை என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. அந்த அலமாரியில் தாத்தாவின் தகரப்பெட்டி இருக்கிறது. அவர் ஆடிய 32 சீட்டுகளும் விளிம்பு கறுத்து, மூலை மடிந்து, ரப்பர் பட்டைக்குள் கிடக்கின்றன. ஒதுக்கப்பட்ட இருபதும் அதே பெட்டியில் தனியே, வாங்கிய நாளில் இருந்ததுபோல் பளபளப்பாக உள்ளன.