வரைவாளர் கைக்கு வந்த நிரல்: ஆட்டோலிஸ்ப்பும் துணைநிரல்களின் வரலாறும்

பொறியியல் வரைபட மென்பொருளில் இல்லாத ஒரு கட்டளையைப் பயனாளரே எழுதி, மென்பொருளின் சொந்தக் கட்டளை போலவே அதற்குள் இயங்கச் செய்யும் சிறு நிரலை ஆட்-இன் என்றும் துணைநிரல் என்றும் வழங்குவர். இவ்வசதி பின்னாளில் பெரும்பாலான வரைபட மென்பொருள்களுக்குப் பொதுவாயிற்று. எனினும் அதை மென்பொருள் வல்லுநரின் தனியுரிமையாக விட்டுவிடாமல் வரைபட மேசையில் அமர்ந்திருந்தவரிடமே ஒப்படைத்தது, 1980களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஆட்டோடெஸ்க் நிறுவனம் எடுத்த ஒரு முடிவு.

ஜான் வாக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1982இல் தொடங்கிய அந்நிறுவனம், மைக் ரிடில் எழுதியிருந்த இன்டராக்ட் என்னும் நிரலை அடிப்படையாகக் கொண்டு ஆட்டோகேடை உருவாக்கி, அதே ஆண்டு நவம்பரில் லாஸ் வேகஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் காட்சிக்கு வைத்தது. கணினிவழி வரைவு அதுவரை மினி கணினிகளில் இயங்கும் விலைமிகுந்த அமைப்புகளுக்கு உரியதாகவும், பெரிய ஆலைகளுக்கு மட்டுமே எட்டக்கூடியதாகவும் இருந்தது. ஆட்டோகேடோ மேசைக் கணினியில் இயங்கியதால் சிறு வடிவமைப்பு அலுவலகங்களையும் சென்றடைந்தது. கட்டடக்கலைஞர், குழாய்ப்பாதை வடிவமைப்பவர், நில அளவையாளர், இயந்திர உறுப்பு வரைபவர் ஆகியோர் ஒரே மென்பொருளை வாங்கினர். ஒவ்வொருவரும் வெவ்வேறு கட்டளைகளை வேண்டினர். அத்தனை தொழில்களின் தேவையையும் ஒரு நிறுவனம் தானே நிறைவேற்றுவது இயலாது என்ற நிலையில்தான், பயனாளருக்கென ஒரு நிரல்மொழியை மென்பொருளுக்குள் வைக்கும் எண்ணம் வலுப்பெற்றது.

மாறிகளையும் கோவைகளையும் கையாளும் வசதி 1985இல் 2.1ஆம் பதிப்பில் தோன்றியது. 1986 ஜனவரியில் வந்த 2.18ஆம் பதிப்பு ஆட்டோலிஸ்ப் என்னும் மொழியை முழுமையாகக் கொணர்ந்தது. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காக 1958இல் ஜான் மெக்கார்த்தி வகுத்த லிஸ்ப் மொழியின் வழிவந்த எக்ஸ்லிஸ்ப் என்பதை டேவிட் பெட்ஸ் எழுதியிருந்தார். ஆட்டோலிஸ்ப் அதிலிருந்து கிளைத்தது. ஆய்வுக்கூடத்து மொழியொன்று தொழிற்கூடத்துக்கு வந்தது முதற்பார்வையில் வியப்பூட்டினாலும், தேர்வு பொருத்தமானதே. லிஸ்ப்பின் அடிப்படை வடிவம் பட்டியல்; வரைபடத்தில் ஒரு புள்ளி என்பதும் இரண்டு அல்லது மூன்று எண்களின் பட்டியல்தான். இலக்கணம் மிகச் சுருங்கியது என்பதால், எழுதிய வரியை உடனுக்குடன் இயக்கும் இன்டர்ப்ரெட்டர் என்னும் பகுதியையும் சிறிதாக அமைக்க முடிந்தது. அக்கால டாஸ் கணினிகளில் நினைவகம் அவ்வளவு நெருக்கடியானது.

எளிய துணைநிரல் ஒன்றின் அமைப்பை நெருங்கிப் பார்த்தால் இம்மொழியின் இயல்பு விளங்கும். குழாய்களை இணைக்கும் ஃபிளான்ஜ் தகட்டில் வட்டமாக அமையும் போல்ட் துளைகளை வரைய வேண்டும் எனக் கொள்வோம். டிஃபன் என்னும் சொல்லால் தொடங்கி, பெயருக்கு முன் ‘சி’ என்ற எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இட்டால், அப்பெயர் ஆட்டோகேடின் கட்டளையாகவே ஆகிவிடும். மையப்புள்ளியை கெட்பாயிண்ட் கேட்டு வாங்கும். ஆரத்தை கெட்டிஸ்ட் வாங்கும். துளைகளின் எண்ணிக்கையை கெட்இன்ட் வாங்கும். முழுச்சுற்றை அவ்வெண்ணால் வகுத்துக் கிடைக்கும் கோணத்தில் ஒவ்வொரு துளையின் இடத்தையும் போலார் கணித்துத் தர, கமாண்ட் என்னும் செயற்கூறு அங்கே வட்டம் வரையும். கோணங்கள் ரேடியனில் அமைய வேண்டும் என்பதால், பாகையிலேயே பழகிய வரைவாளர் முதலில் அதைக் கற்க வேண்டியிருந்தது.

நிரல் இத்துடன் முடிவதில்லை. அருகிலுள்ள கோட்டின் நுனிக்குச் சுட்டியை இழுக்கும் ஆஸ்நாப் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நிரல் கணித்த புள்ளியும் அந்நுனிக்கு இழுபட்டு, துளை தவறான இடத்தில் அமையக்கூடும். ஆகவே தொடக்கத்தில் அவ்வமைப்பின் மதிப்பைச் சேமித்து, அதை நிறுத்திவைத்து, முடிவில் மீட்டளிக்க வேண்டும். பயனாளர் நடுவில் எஸ்கேப் விசையை அழுத்தினாலும் மீட்டளிக்கும்படி பிழை கையாளும் பகுதியொன்றையும் சேர்க்க வேண்டும். கல்லூரியில் நிரலாக்கம் பயிலாத பலர் இத்தகைய நுணுக்கங்களைத் தம் அன்றாட வேலையின் ஊடாகவே கற்றுத் தேர்ந்தனர் என்பது, கணினி வரலாற்று நூல்கள் இதுவரை தந்துள்ளதைவிட மிகுந்த இடம் பெறத் தக்கது.

பெரிய துணைநிரல்களுக்கு ஆட்டோலிஸ்ப்பின் வேகம் போதவில்லை. 1990இல் வந்த 11ஆம் வெளியீடு சி மொழியில் எழுத வழிசெய்யும் ஏடிஎஸ் முறையைத் தந்தது. 13ஆம் வெளியீட்டில் வந்த ஏஆர்எக்ஸ், துணைநிரலை ஆட்டோகேடின் நினைவகப் பரப்புக்குள்ளேயே இயங்கச் செய்தது. பின்னர் டாட்நெட் வழியும் திறந்தது. ஆற்றல் பெருகிய அதே அளவுக்கு வரைவாளருக்கும் நிரலுக்கும் இடையிலான தொலைவும் பெருகியது: சி++ மொழியில் எழுதிய துணைநிரலைச் சில வெளியீடுகளுக்கு ஒருமுறை மீண்டும் தொகுத்தாக வேண்டும், அது முழுநேர நிரலாளரின் பணி. சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்ற பிற்கால வரைபட மென்பொருள்களின் துணைநிரல்களும் இவ்வழியிலேயே அமைந்தன. சாலிட்வொர்க்ஸின் துணைநிரலில் இணையும்போதும் விலகும்போதும் இயங்க வேண்டிய இரு செயற்கூறுகள் கட்டாயம். ரெவிட் எதை ஏற்ற வேண்டும் என்பதைத் தனிக் கோப்பில் அறிவித்தாக வேண்டும். ஒழுங்கு மிக்க முறைகள் இவை. ஆயினும் மதிய இடைவேளையில் ஒரு வரைவாளர் எழுதி முடிக்கக்கூடியவை அல்ல.

திறந்த வழி தீமைக்கும் பயன்பட்டது. குறிப்பிட்ட பெயர்களைக் கொண்ட லிஸ்ப் கோப்புகளை ஆட்டோகேட் தானாகவே ஏற்றிக்கொள்ளும் இயல்பைப் பயன்படுத்தி வரைபடங்களைக் களவாடிய மெட்ரே என்னும் தீநிரலை 2012இல் ஈசெட் நிறுவனம் வெளிப்படுத்தியது; பெரு நாட்டில் அது மிகுதியாகப் பரவியிருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆட்டோகேட் 2014, நம்பத்தக்கவை எனப் பயனாளர் குறித்த கோப்புறைகளிலிருந்து அல்லாத நிரல்களை ஏற்றுமுன் எச்சரிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

அலுவலகங்களில் குவிந்திருந்த லிஸ்ப் கோப்புகளின் செல்வாக்கைப் போட்டி நிறுவனங்களும் உணர்ந்திருந்தன. இன்டெல்லிகேட், பிரிக்ஸ்கேட் முதலியவை அம்மொழியைத் தாமும் ஏற்று இயக்கின. அவ்வாறு செய்யாத மாற்று மென்பொருளுக்கு மாறும் அலுவலகம் தன் பல்லாண்டு உழைப்பைக் கைவிட நேரிடும். ஆட்டோடெஸ்க்கோ 1993இல் விலை குறைந்த ஆட்டோகேட் எல்டியை வெளியிட்டபோது ஆட்டோலிஸ்ப்பை அதிலிருந்து நீக்கியிருந்தது. நிரலாக்கம் மிகுதியாகத் தேவைப்பட்ட சிறு அலுவலகங்களே அதை வாங்கின என்பதால், அந்நீக்கம் நியாயமற்றது என்றே சொல்ல வேண்டும். அது 30 ஆண்டு நீடித்து, 2023இல் வெளியான எல்டி 2024 பதிப்பில்தான் முடிவுக்கு வந்தது.